சான்ஸ் என்ற சொல்லுக்கு ஒரு சீட்டு

வாப்பிங், லண்டன்
6 அக்டோபர் 1884

அன்புள்ள தாமார் அக்காவுக்கு,

ரூபன் எழுதுகிறேன். உன் இருமல் நின்றதா? எனக்கு ஈரக்காற்று அடித்தால் இடது முழங்கால் முரண்டு பிடிக்கிறது. மற்றபடி உடம்பும் கடையும் ஓடுகின்றன. கயிறும் தாரும் உப்பு மாட்டிறைச்சியும் வேண்டாம் என்று சொன்ன கப்பல்காரனை நான் இன்னும் பார்க்கவில்லை.

நீ கேட்டது இரண்டு. முதலில் உன் பிள்ளை ஆமோஸ். அவன் ஏறிய ‘ஹெஸ்டர் பெல்’ மே மாதம் நிலக்கரியோடு வால்பரைசோ துறைமுகத்துக்குப் புறப்பட்டது. செப்டம்பர் முதல் வாரத்தில் போய்ச் சேர்ந்த தந்தி வந்திருக்க வேண்டும். இன்னும் வரவில்லை. கேப் ஹார்ன் முனையைச் சுற்றிப் போகிற கப்பலுக்கு ஒரு மாதத் தாமதம் பெரிய விஷயம் இல்லை. எதிர்காற்றில் நாற்பது நாள் ஒரே இடத்தில் மல்லுக்கட்டிய கப்பல்களுக்கெல்லாம் நான் சாமான் விற்றிருக்கிறேன். அந்தக் கப்பலில் அவனுக்கு இடம் பிடித்துக் கொடுத்தவனே நான்தான். பயப்பட ஏதாவது இருந்தால் முதலில் நான் பயந்திருப்பேன்.

இரண்டாவது, உன் அகராதி வேலை. வீட்டில் உட்கார்ந்து சீட்டுக் கட்டுகளைப் பிரித்து அடுக்குகிறாய், இந்த முறை உன் பங்குக்கு ‘சான்ஸ்’ என்ற சொல் வந்திருக்கிறது, அதைக் கப்பல் காப்பீட்டு மண்டபத்தில் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். நேற்று அங்கே போய் ஃபாசெட் என்ற தரகரைப் பிடித்தேன்.

“ஹெஸ்டர் பெல்லுக்கு சான்ஸ் எப்படி?” என்றேன்.

“பத்து.”

“பத்துன்னா?”

“அடேய் பிங்க்னி, கயித்தை முழம் போட மட்டும்தான் தெரியுமா உனக்கு? அந்தக் கப்பலுக்கு நூறு கினி பணத்துக்குக் காப்பு எழுதினவன் பயந்துட்டான்னு வை. ‘இந்தப் பாரத்தை நீ வாங்கிக்கோ’ன்னு இன்னொருத்தன்கிட்ட தள்ளுவான். வாங்கிக்கிறவன் அதுக்கு எவ்வளவு கேக்குறானோ அதான் விலை. பத்து கேட்டா கப்பல் வந்துரும்னு அர்த்தம். தொண்ணூறு கேட்டா தொப்பியைக் கழட்டிர வேண்டியதுதான்.”

ஆக, பத்து. நிம்மதியாகத் தூங்கு. ஒரு பெட்டி தேயிலை அனுப்பியிருக்கிறேன்.

உன் தம்பி,
ரூபன்

*

விட்பி
14 அக்டோபர் 1884

அன்புத் தம்பி ரூபனுக்கு,

தேயிலை வந்து சேர்ந்தது. இருமல் போய்விட்டது. முழங்காலுக்குக் கம்பளித் துணி சுற்றிக்கொள், வெட்கப்படாதே.

பத்து என்று நீ எழுதியதைப் பக்கத்து வீட்டுக் கெசியாவிடம் படித்துக் காட்டினேன். அவள் கணவன் டாம்தான் அந்தக் கப்பலில் சமையல்காரர் என்பது உனக்கு நினைவிருக்கும். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். “பத்தா? அந்த ஆளு கல்யாணத்தன்னைக்கே நாலு மணி நேரம் லேட்டு, டீச்சரம்மா. அதுக்கே எங்கப்பன் தொண்ணூறு கேட்டிருப்பாரு!” என்று சிரித்தாள்.

சான்ஸுக்கு மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள். யாராவது ஒரு வாசகர் எங்கேயோ ஒரு புத்தகத்தில் அந்தச் சொல்லைப் பார்த்து, தேதி, பக்கம், வாக்கியம் எழுதி அனுப்பியவை. சாப்பாட்டு மேஜை முழுவதும் பரப்பிவிட்டு ரொட்டியை மடியில் வைத்துச் சாப்பிடுகிறேன். மூல லத்தீனில் அது விழுவதைக் குறித்தது. பிரெஞ்சுக்காரர்கள் பகடை விழுவதற்கு அதை வைத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய அறுநூறு வருஷத்துக்கு முன் நம் ஆட்கள் வாங்கியபோது, ஒருவனுக்கு நேர்ந்தது எதுவோ அதுதான் சான்ஸ். நல்லதா கெட்டதா என்ற பேச்சே இல்லை. அதிர்ஷ்டம் என்ற பொருளும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. வாய்ப்பு என்ற பொருளும் அப்படித்தான். ஆமோஸுக்கு நீ எழுதினாயே, “நல்ல சான்ஸ், விட்டுராதே” என்று, அந்த சான்ஸ். கடைசியாக, இந்த நூறு வருஷத்தில்தான் அதை எண்ணால் அளக்கப் பழகினோம். அந்தக் கடைசிப் பொருளுக்கு என்னிடம் ஆறே சீட்டு. ஆறும் கணக்கு வாத்தியார்கள் எழுதியவை. பிழைப்புக்காக அந்தச் சொல்லைப் பேசுகிறவர்கள் ஒருவர்கூட இல்லை. கப்பல் செய்தித்தாள் படிக்கிற வாசகர் யாரையாவது பிடித்துத் தாருங்கள் என்று அகராதி ஆசிரியருக்கு எழுதியிருக்கிறேன்.

மண்டபத்துக்குப் போகும்போதெல்லாம் எண்ணைக் கேட்டு எழுது.

அன்புடன் அக்கா,
தாமார்

*

வாப்பிங்
12 நவம்பர் 1884

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் கெசியாவும் நலமா? பதில் தாமதம். கடையில் ஆள் பற்றாக்குறை, புது ரஷ்யச் சணல் வேறு வந்து இறங்கியது.

மண்டபத்துக்குப் போனேன். பதினைந்து. பனிக்காலம் என்றால் எல்லாக் கப்பலுக்கும் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். கயிறுகூட ஏறியிருக்கிறது.

யார்க் பன்றித்தொடை ஒன்று அனுப்பியிருக்கிறேன். தனியாக இருக்கிறோம் என்று சமைக்காமல் இருந்துவிடாதே.

ரூபன்

*

விட்பி
20 நவம்பர் 1884

அன்புத் தம்பிக்கு,

பன்றித்தொடையில் பாதி கெசியா வீட்டுக்குப் போயிற்று. என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீதான் இந்த முறை முழங்காலைப் பற்றி எழுதவே இல்லை.

ஆசிரியர் நான் கேட்ட வாசகரைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். நாரிச்சில் ஓய்வுபெற்ற ஒரு பாதிரியார். பெயர் ஈட்ஸ். கப்பல் செய்தித்தாளை வரி விடாமல் படித்து முதல் கட்டாக இருபத்திரண்டு சீட்டுகள் அனுப்பியிருக்கிறார். கையெழுத்து அச்சு மாதிரி. சான்ஸ் என்ற சொல்லின் கீழே மட்டும் சிவப்பு மையில் கோடு. எனக்கு வேண்டிய உதாரணம் கிடைத்துவிட்டது. நான் தேடியதற்கு மேலேயே கிடைத்துவிட்டது.

பதினைந்து என்றுதானே எழுதியிருந்தாய்? எண்ணை ஒருமுறை சரிபார்த்து எழுது.

அக்கா

*

வாப்பிங்
9 டிசம்பர் 1884

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்காலும் நலம்.

எண் இருபது. சரிபார்த்துவிட்டேன். வால்பரைசோவிலிருந்து வந்த ஒரு மாலுமி சொன்னான், கப்பல்கள் ஃபாக்லாந்துத் தீவுகளில் ஒதுங்கினால் மாதக் கணக்கில் சேதி வராதாம். அங்கே தந்தி கிடையாது. பாய்மரம் ஒடிந்து அங்கே பழுது பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆமோஸ் அங்கே ஆட்டுக்கறி தின்று கொழுத்துக்கொண்டிருப்பான்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது போலிருக்கிறது. சணல் விஷயம் இழுக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

ரூபன்

*

விட்பி
29 டிசம்பர் 1884

ரூபனுக்கு,

உடம்பு நலம். அதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ கேட்பதற்கு முன்.

பாதிரியார் அனுப்பிய கட்டிலிருந்து ஒன்பதாவது சீட்டை அப்படியே எழுதுகிறேன்:

“சான்ஸ். 1884, நவம்பர் 11. கப்பல் செய்தித்தாள், பக்கம் 3. ‘ஹெஸ்டர் பெல் வந்து சேரும் சான்ஸ் மிகக் குறைவு என்றே மண்டபம் கருதுகிறது. நேற்று எழுபது கினிக்குக் கைமாறியது.’”

நவம்பர் 11. நீ எனக்குப் பதினைந்து என்று எழுதியதற்கு முந்தின நாள்.

பாதிரியாருக்கு நான் யார் என்று தெரியாது. நான் கேட்டதைத்தான் அனுப்பினார். அருமையான சீட்டு, ரூபன். தேதி, பக்கம், எல்லாம் சரி. எண் சேர்ந்த பொருளுக்கு இதைவிட நல்ல வாக்கியம் யாருக்கும் கிடைக்காது. நாள் முழுவதும் அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பொருளுக்குரிய அடுக்கில், கணக்கு வாத்தியார்களுக்கு அடுத்து வைத்தேன். வேறு எங்கே வைப்பது?

மறுநாளிலிருந்து வாசகசாலைக்குப் போய்ச் செய்தித்தாளை நானே பார்க்கிறேன். போன வாரம் எண்பத்தைந்து. நீ ஆட்டுக்கறி பற்றி எழுதிய அன்று எழுபத்தெட்டு. உன் கடிதங்களை ஒவ்வொன்றாகக் கெசியாவிடம் படித்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் என் முகம் தெரியும். நீ படித்துக் காட்டுகிற குரல் சரியில்லை, டீச்சரம்மா, என்றாள். சொல்லிவிட்டேன். டாமின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மறுநாள் பழைய துணிக்காரனிடம் விற்றுவிட்டாள். வாடகை கட்ட வேண்டும் அல்லவா.

இனி எனக்கு எண் எழுதாதே.

தாமார்

*

வாப்பிங்
5 ஜனவரி 1885

அக்கா,

பொய் சொன்னேன். முப்பது வருஷ வியாபாரத்தில் எடையில் ஒருத்தனையும் ஏமாற்றியதில்லை. உன்னை இரண்டு மாதம் ஏமாற்றினேன். பயந்ததால்தான். உனக்காக மட்டும் பயந்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். அவனுக்கு அந்தக் கப்பலில் இடம் வாங்கிக் கொடுத்த கையால் அந்த எண்ணை எழுத முடியவில்லை.

இனி எழுத மாட்டேன். நீயே பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரூபன்

*

விட்பி
20 ஜனவரி 1885

அன்புத் தம்பி, என் அன்புத் தம்பி ரூபனுக்கு,

நலம், நலம், இங்கே எல்லாரும் நலம்! உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது, போய்விட்டது.

பார்த்தாயா? அறுபது! 13ஆம் தேதி எண்பத்தெட்டில் இருந்தது. 14ஆம் தேதித் தாளில் அறுபது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். கீழே ஒரு வரி: “ஹெஸ்டர் பெல்லின் சான்ஸை நம்புகிற ஒருவர் மண்டபத்தில் இருப்பதாகத் தெரிகிறது.” நேற்றும் அறுபதுதான். யாருக்கோ ஏதோ சேதி கிடைத்திருக்கிறது. ஏதாவது கப்பல் அவர்களைக் கடலில் பார்த்திருக்கிறது. காசு விஷயத்தில் அந்த மண்டபத்து ஆட்கள் சும்மா இறங்க மாட்டார்கள் என்று நீயே எத்தனை முறை சொல்லியிருக்கிறாய்!

ஓடி வந்து கெசியாவிடம் சொன்னேன். கையில் மீன் செதிலோடு என்னைக் கட்டிக்கொண்டாள். மேலாடை இன்னும் நாறுகிறது. நேரே பழைய துணிக்காரனிடம் போய்ச் சண்டை போட்டாள்.

“என் வீட்டுக்காரர் கோட்டைக் குடு.”

“ஏழு ஷில்லிங்.”

“மூணுக்குத்தானேடா எங்கிட்ட வாங்கின, படுபாவி!”

“அன்னைக்கு அது செத்தவன் கோட்டு. இன்னைக்கு உயிரோட இருக்கிறவன் கோட்டு. ஏழு.”

கொடுத்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கருநிறக் கல்லில் துக்க நகை செதுக்குகிற ஹோகார்த் இரண்டு தரம் என் வாசலுக்கு வந்துபோனான். இன்று மூன்றாம் தரம் வந்தபோது கதவைத் திறக்காமலே “உன் கருப்புக் கல்லை நீயே போட்டுக்கோ!” என்று கத்தினேன். ஐம்பத்தொரு வயதில் தெருவே கேட்கக் கத்தினேன், ரூபன்.

நீ போய் விசாரி. அந்த ஒருவர் யார், என்ன கேள்விப்பட்டார், கேட்டு உடனே எழுது.

உன் அக்கா,
தாமார்

*

விட்பி
3 பிப்ரவரி 1885

அன்புத் தம்பிக்கு,

உடம்பு சரியில்லையா? இரண்டு வாரமாக ஒரு வரி இல்லை. இன்று ஐம்பத்தைந்து! இன்னும் இறங்குகிறது. ஆமோஸின் படுக்கையை வெயிலில் போட்டேன், விரிப்பு மாற்றினேன். பாதிரியார் ஈட்ஸிடமிருந்து அந்த “நம்புகிற ஒருவர்” வரி ஒரு சீட்டாக வந்திருக்கிறது. அவருக்கும் பிடித்துப்போயிருக்கிறது!

அந்த ஆள் யார், ரூபன்?

அக்கா

*

வாப்பிங்
9 பிப்ரவரி 1885

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். இதை உட்கார்ந்து படி. கெசியா அருகில் இருந்தால் நல்லது.

அந்த ஆள் நான்.

டிசம்பரில் நீ எழுதிய கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். எனக்குக் கடலைக் கட்டுப்படுத்தத் தெரியாது. ஆனால் ஒரு சரக்கின் விலையை எப்படி இறக்குவது என்று தெரியும். எல்லாரும் எண்பத்தெட்டு கேட்கும்போது ஒருவன் அறுபதுக்குப் பாரத்தை வாங்கிக்கொண்டால், அன்று அதுதான் விலை. செய்தித்தாள்காரன் அதைத்தான் எழுதுவான். நீ வாசகசாலையில் பார்ப்பதாவது சின்ன எண்ணாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. விலை இறங்கினால் வாங்குகிறவன் என்ன நினைப்பான் என்று முப்பது வருஷமாகப் பார்த்து வருகிறவன், என் அக்கா என்ன நினைப்பாள் என்று யோசிக்கவில்லை.

ஃபாசெட் மூலம் போய் உட்கார்ந்தேன். பதினொரு பேர் வரிசையில் நின்றார்கள் தங்கள் பயத்தை என்னிடம் இறக்கிவைக்க. “கயித்துக்காரனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு”ன்னு ஒருத்தன். “இல்லடா, அவனுக்கு ஏதோ தெரியும்”னு இன்னொருத்தன். ஃபாசெட் மட்டும் என்னை ஓரமாக இழுத்து, “பிங்க்னி, உண்மையைச் சொல்லு, சேதி ஏதாவது வந்துச்சா?” என்றான். “வரல” என்றேன். “அப்ப எதுக்குடா?” என்றான். எண் மறுபடி ஏறாமல் இருக்க போன வாரமும் கையெழுத்துப் போட்டேன். ஐம்பத்தைந்து அதுதான்.

உன் ஜனவரிக் கடிதம் வந்தது. துணிக்காரன் வரைக்கும் படித்தேன். மேலே படிக்க முடியவில்லை. அன்றே எழுதியிருக்க வேண்டும்.

எந்தக் கப்பலும் அவர்களைப் பார்க்கவில்லை, அக்கா. மே மாதத்துக்குப் பிறகு யாருமே பார்க்கவில்லை. நாளை மறுநாள், புதன்கிழமை, ‘ஹெஸ்டர் பெல்’ காணாமல் போனதாக மண்டபத்துப் பலகையில் போடுகிறார்கள். அதற்கப்புறம் யாரும் விலை கேட்க மாட்டார்கள். இது உனக்குச் செய்தித்தாளிலிருந்து தெரியக் கூடாது.

நான் வாங்கிய பாரத்துக்கெல்லாம் இனி நான்தான் பணம் கட்ட வேண்டும், கடையைக் கைமாற்றுகிறேன். அதற்காக நீ வருத்தப்படத் தேவையில்லை. கெசியாவின் ஏழு ஷில்லிங்கை இதோடு வைத்திருக்கிறேன்.

ரூபன்

*

விட்பி
6 ஏப்ரல் 1885

தம்பிக்கு,

இரண்டு மாதம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்த நாளெல்லாம் உன்னைத் திட்டத்தான் வந்தது. அந்தத் தாள்களை அடுப்பில் போட்டேன்.

எண்பத்தெட்டிலேயே நான் ஆமோஸை மனதுக்குள் முக்கால்வாசி வழியனுப்பிவிட்டிருந்தேன், ரூபன். நீ திருப்பிக் கொண்டுவந்தாய். மறுபடி முதலிலிருந்து அனுப்ப வேண்டியிருந்தது. வெயிலில் போட்ட அந்தப் படுக்கையை இன்னும் என்னால் மடிக்க முடியவில்லை.

கெசியாவிடம் உன் கடிதத்தை முழுக்கப் படித்தேன். “உன் தம்பி இங்க வரட்டும், கூடையை அந்தாளு தலையில கவுக்குறேன்” என்றாள். பிறகு, “மூணு வாரம் ராத்திரி நல்லாத் தூங்கினேன், டீச்சரம்மா. அதையும் எழுது” என்றாள். கோட்டை அவள் மறுபடி விற்கவில்லை. வாடகைக்கு இரண்டு கூடை அதிகம் சுமக்கிறாள். ஏழு ஷில்லிங்கை உனக்கே திருப்பி அனுப்பச் சொன்னாள். இதில் இருக்கிறது. ஹோகார்த்திடம் இருவருக்கும் சின்னதாக ஒவ்வொரு கல் வாங்கினோம்.

சான்ஸ் கட்டை முடித்துவிட்டேன். நானூற்று முப்பத்தைந்து சீட்டு. இந்த வாரக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும், ஆசிரியர் இரண்டு தரம் எழுதிவிட்டார். ஒன்று மட்டும் என் மேஜையில் தனியாகக் கிடக்கிறது. பாதிரியாரின் கடைசிச் சீட்டு. “ஹெஸ்டர் பெல்லின் சான்ஸை நம்புகிற ஒருவர் மண்டபத்தில் இருப்பதாகத் தெரிகிறது.”

அப்படி ஒருவர் இல்லையென்றால் அந்த வாக்கியம் பொய். எழுதினவனுக்கே தெரியாத பொய்யாக இருக்கலாம். ஆனாலும் எனக்குத் தெரிந்த பிறகு அதை நான் கட்டில் சேர்க்க மாட்டேன். என் வீட்டுக்குள் வந்த எந்தச் சீட்டையும் நான் இதுவரை கிழித்ததில்லை, இதைக் கிழிப்பேன்.

அதனால் கேட்கிறேன். என்னைச் சமாதானப்படுத்த எதுவும் சொல்லாதே. போதும் அது. கையெழுத்துப் போட்டபோது, ஒரு கணமாவது, அவன் வருவான் என்று நம்பினாயா?

முழங்கால் எப்படி இருக்கிறது?

தாமார்

*

வாப்பிங்
8 ஏப்ரல் 1885

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் வலிக்கிறது. மற்றபடி நலம். கடை சாவியைப் புது ஆளிடம் நேற்றுக் கொடுத்தேன். இனி அவரிடமே கூலிக்கு இருப்பேன், கயிறு எனக்குத் தெரியும்.

நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். மண்டபத்துக்குள் போகும்போது நம்பவில்லை. உட்கார்ந்தபோது நம்பவில்லை. பேனாவைத் தொட்டபோதும் நம்பவில்லை. பேரேட்டில் கப்பலின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். கை அழுத்திவிட்டது போலிருக்கிறது, மை திட்டாக நின்றது. எழுத்தர் மையை உறிஞ்ச ஒற்றுத்தாளை நீட்டினார். வாங்கவில்லை.

“காயட்டும்” என்றேன்.

“நேரமாகும், சார். பின்னால ஆள் நிக்குறாங்க.”

“நிக்கட்டும்.”

அது காய்கிறவரை நம்பினேன், அக்கா.

ரூபன்